அரை ரிங்

ஆடி 26, திங்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டுப் பேசினால் பேசியதெல்லாம் உள்ளே தங்கிவிடுகிறது. மருமகள் சுகந்திதான் காட்டிக்கொடுத்தாள். “கப்பல்ல பாத்ததையெல்லாம் அன்னன்னைக்குச் சொல்லி வெய்யுங்க மாமா. ஊருக்குப் போயி நான் எழுதித் தர்றன்” என்றாள். இந்தப் பயணத்தில் போனுக்கு இதைத் தவிர வேறு வேலை இல்லை. மகன் தங்கவேலின் உத்தரவு அப்படி.

நாங்கள் நாலு பேர் வந்திருக்கிறோம். நான், என் வீட்டுக்காரி பாவாயி, தங்கவேல், சுகந்தி. திருச்செங்கோட்டிலிருந்து சென்னைக்கு நேற்றே வந்து லாட்ஜில் தங்கி, இன்று மத்தியானம் கப்பல் ஏறினோம். இலங்கைக்குப் போய்விட்டுச் சனிக்கிழமை திரும்பும். ஆடியில் துணிக்கடைக்காரன்தான் தள்ளுபடி போடுவான் என்று நினைத்திருந்தேன், கப்பல்காரனும் போடுகிறான். நான் போர் போடும் ரிக் வண்டியோடு இந்தியா முழுக்கச் சுற்றியவன். எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பாவாயி பழனியைத் தாண்டியதில்லை. அவளுக்காகத்தான் இந்தக் கப்பல். கடலின் நடுவைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசை இல்லை. கூப்பிட்டார்கள், வந்தேன்.

துறைமுகத்தில் வரிசையில் உட்கார வைத்து தங்கவேல் ஒரு பாடம் நடத்தினான்.

“நல்லாக் கேட்டுக்கங்க. கரையை விட்டுத் தள்ளிப் போனதும் நம்ம டவர் போயிரும். கப்பலுக்குன்னு தனி டவர் இருக்குது, சாட்டிலைட்டுல ஓடறது. போன் சும்மா பையில கெடந்தாலும் அதுவாப் போயி அந்த டவரப் புடிச்சுக்கும். நாம கூப்பிட்டாலும் காசு, நம்மளக் கூப்பிட்டு நாம எடுத்தாலும் காசு, வாட்சப்புல ஒரு குட்மார்னிங் வந்து விழுந்தாலும் காசு. ரோமிங்குன்னு பேரு. நாலு போனுக்கும் எம்பேர்லதான் பில்லு.”

“எடுக்காம உட்டா?” என்றாள் பாவாயி.

“எடுக்காம உட்டாக் காசில்ல. ஆனா நீங்க எடுக்காம இருப்பீங்களா?”

“என்ற அக்கா அடிச்சு நான் என்னைக்கு எடுத்திருக்கறன்?”

“கரையில பாத்துக்கலாம்மா” என்று சொல்லி, நாலு போனிலும் ஒரு விமானப் படத்தை அமுக்கினான். அமுக்கியதும் போன் செத்தமாதிரி ஆகிவிட்டது. பாவாயியின் போனும் என் போனும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. பத்திரமாக நான்தான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பாவாயியின் அக்கா நல்லம்மாள், எனக்கு நங்கையா முறை. குமாரபாளையம் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். மகன் முருகேசு ஈரோட்டில் சாயப்பட்டறை வேலைக்குப் போகிறான். வீட்டுக்காரர் போனதிலிருந்து அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரு வழக்கம். காலையில் கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு பாவாயி ஒரு ரிங் விட்டு வெட்டிவிடுவாள். அங்கேயிருந்து ஒரு ரிங் வரும். எழுந்துவிட்டேன், நல்லாயிருக்கிறேன் என்று அர்த்தம். யாரும் எடுக்க மாட்டார்கள். நங்கையாவின் ரிங் முழுசாகவும் வராது. எங்கே எடுத்துவிடுவாளோ, காசு போய்விடுமோ என்ற பயத்தில் பாதியிலேயே வெட்டிவிடுவார். பேசினாலும் பேசாவிட்டாலும் மாசத்துக்கு ஒரே காசுதான் என்று சுகந்தி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். நங்கையா நம்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாவாயி பால்கனியில் நிற்கிறாள், கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறது.

நேற்று லாட்ஜில் அவள் குளிக்கப் போயிருந்தபோது முருகேசு கூப்பிட்டான். “சித்தப்பா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஈரோட்டுல சேத்திருக்கறோம். நெஞ்சுல நீர் கோத்திருக்குதாமா” என்றான். பின்னால் நங்கையாவின் குரல் கேட்டது. “அவகிட்டச் சொல்ல வேண்டாமுன்னு சொல்லு. இப்பத்தான் ஒரு எடம் போறா. வந்தப்பறம் பாத்துக்கலாம்.”

நான் சரி என்றேன். சொல்ல வேண்டாம் என்றது நோவில் கிடப்பவரே. அதற்கு மேல் நான் யார். இந்த நேரத்தில் டிக்கெட்டை ரத்துச் செய்தால் ஒன்றும் திரும்பி வராது என்று தங்கவேல் முன்பே சொல்லியிருந்தான். அதற்காகச் சொல்கிறேன் என்று இல்லை.

தங்கவேலுக்கும் தெரியாது. அவனிடம் சொன்னால் அவன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். ரோமிங் என்று அவன் கதவைச் சாத்தியது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஆடி 27, செவ்வாய்

விடியும்போது பாவாயி என் சட்டைப் பையிலிருந்து அவள் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அது அடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

“அக்கா இந்நேரம் அடிச்சுப் பாத்திருக்கும்” என்றாள்.

“அதான் கெளம்பறப்பவே சொல்லிட்டு வந்தமே, கப்பல்ல அடிக்காதுன்னு.”

“சொன்னம். இருந்தாலும் கை போகுமில்ல.”

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கல்யாண மண்டபம் அளவு கூடம். இட்லி முதல் பன்றிக்கறி வரை வரிசையாக வைத்திருக்கிறார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாமாம். பாவாயி இரண்டு இட்லி எடுத்துவிட்டு, பரிமாறுகிற ஆளிடம் “போதுங்களா?” என்று கேட்டாள். அவன் இவளைக் கேட்க வேண்டியது.

எங்கள் அறையைப் பெருக்க வருகிறவர் ரொசாரியோ. தூத்துக்குடிக்காரர், தலை நரைத்த ஆள். கடல் இங்கே எத்தனை ஆழம் என்று கேட்டேன். விசாரித்துவிட்டு வந்து, பதினோராயிரம் அடி இருக்கும் என்றார். நான் ரிக்கில் இறக்கியதில் பெரியது ஆயிரத்து நானூறு, மராட்டியத்தில். அதிலும் வெறும் புகைதான் வந்தது. இங்கே ஒரு பைப்பும் இறக்காமல் இத்தனை தண்ணீர். மத்தியானம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அறையில் ஏசி அதிகம், அதனால் வெளியே நின்றேன்.

ரோமிங் பற்றி ரொசாரியோவும் சொன்னார். “உங்க மவன் சொல்லுதது சரிதான் ஐயா. போன ட்ரிப்புல ஒரு சேட்டு. போனை ஆஃப் பண்ணாம தலகாணிக்கு அடியில வச்சிட்டுத் தூங்கிட்டாரு. அது பாட்டுக்கு அவரு பேரன் பொறந்தநாள் வீடியோ பூராத்தையும் இறக்கிருச்சு. இறங்கும்போது கம்பெனிக்காரன் மெசேஜ் அனுப்புனான். சேட்டு அங்கனயே உக்காந்துட்டாரு. தண்ணி தெளிச்சு எழுப்புனோம்.”

பாவாயி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. போனில் இத்தனை சங்கதி எதற்கு. தங்கவேல் பிறந்தபோது நான் ஒரிசாவில் பலாங்கீர்ப் பக்கம் இருந்தேன். நாலு மாசமாக வீட்டுக்கு ஒரு தாக்கலும் தகவலும் இல்லை. தபாலாபீசில் ட்ரங்க் கால் பதிந்துவிட்டு வாசல் படியில் காத்திருந்தேன். திருச்செங்கோட்டில் ரிக் ஆபீஸ் போனுக்குப் பக்கத்தில் நங்கையா வந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை அந்த ஆபீஸ் படியேறுவது சாமானியம் இல்லை. லைன் கிடைத்தது. “பையன். ரெண்டு பேரும் நல்லாருக்கறாங்க. வெச்சர்றன், காசு ஓடுது” என்றார். வைத்துவிட்டார். யாருடைய காசு? நான் கட்டிய காசு. ஊரிலிருந்து வந்த ஒருவன் சொல்லித்தான் பையனுக்கு என்ன பேர் வைத்தார்கள் என்பதே தெரிந்தது.

ஆடி 28, புதன்

கடல். பாவாயி இன்றும் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலி, எங்கும் போகவில்லை.

ஆடி 29, வியாழன்

திருகோணமலை. இறங்கினால் கடைப் பலகையெல்லாம் தமிழ் என்று சுகந்திக்கு ஒரே சந்தோசம். எனக்கு எந்தப் பலகையும் ஒன்றுதான். பேச்சு புரிந்தது, அது போதும்.

கோயிலுக்கு வண்டி பேசும்போது, மூத்திரம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். கடையில் ஒரு அம்மாள் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

“இந்தியாவுக்கு ஒரு போன் போடோணுமுங்க.”

“அதுக்கென்ன ஐயா, கதையுங்கோ. நம்பர் எழுதி வச்சிருக்கிறீங்களோ?”

“எழுதலீங்க. நான் சொல்றன், நீங்க அமுத்துங்க.”

முருகேசின் நம்பரைச் சொன்னேன். இந்தியாவுக்கு முன்னால் ஏதோ சேர்க்க வேண்டுமாம், அதை அவரே சேர்த்துக்கொண்டார்.

முருகேசு உடனே எடுத்தான். அவன் குரல் உட்கார்ந்து போயிருந்தது. “மொகத்துக்கு மாஸ்க் மாட்டியிருக்குதுங்க சித்தப்பா. கண்ணத் தொறந்து பாக்குது. ரெண்டு வார்த்தை பேசுனா மேல்மூச்சு வாங்குது. ரெண்டு நாள் போகட்டும், அப்பறம்தான் சொல்ல முடியுங்கறாரு டாக்டரு.”

“உங்கம்மா போன் உங்கிட்டத்தான இருக்குது?”

“இருக்குதுங்க.”

“இன்னுங் கொஞ்ச நேரத்துல உன்ற சின்னம்மா ஒரு ரிங் உடுவா. எடுத்துராத. ஓஞ்சதும் அதுல இருந்து திருப்பி ஒரு ரிங் உட்டுரு. அவ எடுக்க மாட்டா. அது போதும்.”

“அது நல்லாருக்குதுங்களா சித்தப்பா?” என்றான்.

“நான் என்ன எனக்காகவா சொல்றன்? உங்கம்மா சொன்னதுதான?”

“செரிங்க.”

கடைக்கார அம்மாளுக்குக் காசு கொடுக்கப் போனேன். என்னிடம் நம்ம ஊர் நோட்டுத்தான் இருந்தது. “இதை வச்சு நான் என்ன செய்யிறது? வையுங்கோ. ஆருக்குச் சுகமில்லை?” என்றார்.

“வீட்டுக்காரிக்கு அக்காளுங்க.”

“அவவுக்குத் தெரியுமோ?”

நான் நோட்டை மடித்துப் பையில் வைத்தேன். அந்த அம்மாள் சுளகை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

கோயில் மலை உச்சியில். வழியெல்லாம் புள்ளிமான்கள் ஆடுமாடு மாதிரி திரிகின்றன. பின்பக்கம் நேர் பாறை, கீழே கடல். சாமி கும்பிட்டதும் பாவாயி தங்கவேலைப் பார்த்தாள். அவன் பேச்சு மாறவில்லை. அவள் போனை வாங்கி, நெட்டை நிறுத்திவிட்டு, விமானப் படத்தை எடுத்துவிட்டான். “ஒரே ஒரு மிஸ்டு கால். அங்கிருந்து வந்தா எடுத்துராதீங்க. தப்பித் தவறிக் கை பட்டாலும் போச்சு.”

பாவாயி ஒரு ரிங் விட்டு வெட்டினாள். உள்ளங்கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அடித்தது. கன்றுக்குட்டியோடு நங்கையா நிற்கிற படம் வந்தது. சுகந்தி எடுத்துப் போட்டுக்கொடுத்த படம்.

அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மானுக்குத் தழை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தானாக ஓய்ந்தது.

“போதுமா? அக்கா நல்லாருக்குதா?” என்று சிரித்தான் தங்கவேல்.

“செரி” என்றாள் பாவாயி. போனை அவனிடம் நீட்டினாள். அவன் மறுபடி விமானப் படத்தை அமுக்கி என் சட்டைப் பையில் போட்டான்.

காரியம் முடிந்தது. எனக்கு நேற்று வரை இருந்த பாரம் இறங்கியது. தேங்காய்ப் பாலில் செய்த ஒரு பணியாரத்தை வாங்கித் தின்றேன்.

பாவாயி தின்னவில்லை. பாறைப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் என்று நினைக்கிறேன். வண்டியில் வரும்போது கேட்டாள்.

“முருகேசு வேலைக்குப் போறானா?”

“போகாம என்ன பண்ணுவான்.”

“பகல்ல தோட்டத்துக்கு வர மாட்டானில்ல?”

“அவனெதுக்குப் பகல்ல வர்றான்?”

“செரி.”

இரவுச் சாப்பாட்டுக்கும் அவள் வரவில்லை. கப்பல் ஆட்டம் இப்போதுதான் பிடித்திருக்கிறது போல. ரொசாரியோ எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆடி 30, வெள்ளி

இன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

காலையில் பாவாயி போனை எடுக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. கடைசி ஆடி வெள்ளி என்று தலைக்கு ஊற்றிக்கொண்டு, அறையில் விளக்கு கொளுத்தக் கூடாது என்பதால் விளக்குப் போடுகிற சுவிட்சைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு கேட்டாள்.

“ஏனுங்க, அந்த ரோமிங்கு. ஒரு நிமிசத்துக்கு எத்தனை ஆகுமுன்னான் தங்கவேலு?”

“இருநூத்தம்பது, முந்நூறுன்னான். எதுக்கு?”

“சும்மாத்தான். அரை மணி நேரம் பேசுனா?”

“அரை மணி நேரமா! ஒரு எருமை வாங்கற மாதிரி.”

“நல்ல எருமையா, வத்துன எருமையா?”

“வத்துனதுதான்” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பெண்பிள்ளைகளுக்கு எதற்குத்தான் கணக்கு என்று தெரியவில்லை.

சாயங்காலம் கப்பலில் ஒரு மேஜிக். ஒரு ருஷ்யாக்காரன் பெண்ணைப் பெட்டியில் படுக்க வைத்து அறுக்கிறான். பாவாயி வரவில்லை, தலைவலி என்றாள். சுகந்தி அவளுக்குத் துணைக்கு இருக்கிறேன் என்றாள். நானும் தங்கவேலும் போனோம். அறுத்த பெண் எழுந்து வருவதற்குள் என் முழங்கால் இழுத்துக்கொண்டது. அறைக்குத் திரும்பினேன்.

அறையில் இரண்டு பேரும் இல்லை. கொக்கியில் மாட்டியிருந்த என் சட்டையைத் தொட்டேன். பையில் ஒரு போன்தான் இருந்தது.

மேல்தளத்தில், ஆரஞ்சுப் படகுகள் தொங்குகிற ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். பொழுது இறங்குகிற நேரம். காற்று அடிக்காமல் சுகந்தி தன் சால்வையைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றிரைச்சலுக்காக ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

“ஏண்டி…” நங்கையாவின் குரல், கிணற்றுக்கடியில் இருந்து வருகிறமாதிரி. “கப்பல்ல இருந்தா கூப்படற? வெச்சுருடி. காசு ஓடுது.”

“ஓடட்டும்.”

“எருமை வெலை ஆயிருமாமாடி. முருகேசு சொல்றான்.”

“நாந்தான் அவங்கிட்டச் சொன்னன். வத்துன எருமைதான். கேட்டுட்டன். நீ பேசாத, மூச்சு வாங்குது. நான் பேசறன், நீ ‘ம்’ மட்டும் போடு.”

“ம்.”

பாவாயி பேச ஆரம்பித்தாள். ஆசுபத்திரி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழவும் இல்லை. “இங்க கக்கூசுல சொம்பே இல்லக்கா. ஒரு பொத்தானை அமுக்குனா புலி உறுமறாப்பல சத்தம். மொத நாளு நான் பயந்துட்டு வெளிய ஓடியாந்துட்டன். உம்பட மச்சான் இருக்கறாரே, சாப்பாட்டுக் கூடத்துல தயிர்னு நெனச்சு ஒரு வெள்ளையை அள்ளிச் சோத்துல ஊத்திட்டாரு. இனிக்குது. சொல்லாமயே தின்னுட்டு வந்தாரு.”

“ம்… ம்.” அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா தெரியவில்லை. தயிர் விஷயம் பாவாயிக்குத் தெரியும் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

“கன்னுக்குட்டிக்கு யாரு தண்ணி காட்டறா? பக்கத்துத் தோட்டத்து மணியக்காளா? செரி, அவ காட்டுவா. பொறணி பேசுவா, ஆனாக் காட்டுவா. திருகோணமலையில மானு பாத்தேன்க்கா, நம்மூட்டு ஆடாட்டத் திரியுது…”

பின்னால் தடதடவென்று தங்கவேல் வந்தான். “அம்மா! என்ன பண்றீங்க? இது கப்பல் டவரு! சுகந்தி, நீயுமா?”

நான் கதவு வழியை மறித்துக்கொண்டு நின்றேன். கதவு இடுக்கம், நான் கொஞ்சம் பருமன்.

“ப்பா, தள்ளுங்க.”

“பேசட்டும் உடு.”

“ஒவ்வொரு நிமிசமும்…”

“தெரியும். பெரியம்மா ஆசுபத்திரியில கெடக்கறாங்க.”

அவன் கை கீழே இறங்கியது. “எப்பத்திலிருந்து?”

“நாம ஏர்றதுக்கு மொதநாளு.”

“உங்களுக்குத் தெரியுமா?”

நான் கடலைப் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மகன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு கழுத்தை நீட்டி மெதுவாகக் கூப்பிட்டான். “சுகந்தி, சார்ஜ் எத்தனை இருக்குதுன்னு பாரு.”

“கம்மிதாங்க.”

திரும்பி ஓடினான். அறையிலிருந்து பவர் பேங்க் கொண்டுவந்து, ஒயரை அவனே மாட்டிவிட்டு, அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டது. கடைசியில் பாவாயி, “நாளைக்குப் பொழுதோட நேரா அங்கதான் வர்றன். நீயே வெய்யிக்கா” என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

தங்கவேலும் சுகந்தியும் போன பிறகு பாவாயியிடம் கேட்டேன். “எப்படித் தெரியும்?”

“அது அக்கா அடிச்ச ரிங்கா? ஒரு நாளாச்சும் அவ முழுசா அடிக்க உட்டிருக்கறாளா? பெத்த மகன் வேலையை உட்டுட்டு அவ போனைக் கையில வெச்சிருக்கறான்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

“நங்கையாதான் சொல்ல வேண்டாமுன்னாங்க.”

“அவ சொல்லுவா. என்னைக்கு அவ தன்னச் சொல்லியிருக்கறா? அவ சொன்னா நீங்க கேட்டுக்குவீங்களா?”

“நீ சந்தோசமா…”

“நாலு மாசம் நீங்க தாக்கலே இல்லாமக் கெடந்தப்ப, எனக்குப் பக்கத்துல படுத்திருந்தது யாரு? அவகிட்ட நான் பேசறதுக்கு ரோமிங்கா?” சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “கடலு நடுவப் பாக்கோணும், பாக்கோணும்னு யாரு ஆசைப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். என்ற பேரச் சொல்லாதீங்க.”

காற்று பலமாக இருந்தது.

ஆடி 31, சனி

சென்னை. இறங்கியதும் காரில் நேராக ஈரோடு. வழியில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினோம். தங்கவேல் ஓட்டினான், என்னிடம் பேசவில்லை.

ஆசுபத்திரியில் ஒருவர் ஒருவராகத்தான் விட்டார்கள். பாவாயி முதலில் போனாள். வெளியே வந்து, “உங்களக் கூப்படறா” என்றாள். நான் போனேன். நங்கையா மாஸ்க்கை விலக்கிவிட்டு, “எத்தன காசாச்சு?” என்றார். நர்சம்மா அதட்டி மாட்டிவிட்டார்.

ஆவணி 8, ஞாயிறு

நங்கையாவை வார்டிலிருந்து விட்டுவிட்டார்கள். முருகேசு வீட்டில் இருக்கிறார். இனித் தோட்டத்தில் தனியாக இருக்கக் கூடாதாம். கன்றுக்குட்டி மணியக்காளிடம்.

காலையில் அங்கிருந்து ரிங் வருகிறது. முழு ரிங். அம்மா தூங்குது சின்னம்மா, மூச்சு பரவாயில்லை என்று சொல்வதற்காக முருகேசு விடுகிறான். பாவாயி போனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

ஆவணி 13, வெள்ளி

பில் வந்தது. தங்கவேல் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டான். எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை. சுகந்தி கேட்டதற்கு, “கறக்கற எருமைதான்” என்றான். பாவாயி அடுப்படியிலிருந்து, “அப்ப வத்துனதுன்னு சொன்னது யாரு?” என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். தங்கவேல் என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறான்.

ஆவணி 21, சனி

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். கப்பல் போய் எத்தனை நாள் ஆயிற்று. அவள், இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்கிறாள். அதனால் இது ஒன்று.

இப்போதெல்லாம் கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முழங்கால் வலி. இன்றும் விழித்துப் படுத்திருந்தேன். பக்கத்தில் பாவாயியும் விழித்துத்தான் கிடந்தாள். அவள் ஒரு ரிங் விட்டு வெட்டிவிட்டுப் போனை நடுவில் வைத்தாள்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் அடித்தது. அடிக்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. ரிங் முழுசாக வரவில்லை.

பாவாயி எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டு, அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் சத்தம் கேட்டது. “டீ குடிக்கறீங்களா?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

“போடு” என்றேன்.